மேலாளர் வீட்டுக்கு உப்புச் சாக்கே கொண்டுபோன கதை

டோக்கியோவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அலுவலக வேலைகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். வீடு மாறிய 14 நாட்களுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிந்துவிடுங்கள். வங்கி, செல்பேசி எல்லாம் அதன் பின்னால் வரும். இந்தியர்கள் நிறைய வசிக்கும் நிஷிகசாயில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். ஆனால் பாட்டில் விஷயத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை.

வந்த இரண்டாம் மாதம் மேலாளர் தன் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார். வெறுங்கையோடு போகலாமா? நான் குடிப்பவன் அல்ல. ஊரில் டாஸ்மாக் பக்கம் ஒதுங்கியதுகூட இல்லை. சூப்பர் மார்க்கெட்டில் சோயா சாஸுக்குப் பக்கத்தில் அழகான பாட்டில் ஒன்று நின்றது. கைபேசியில் படம் பிடித்துப் பார்த்தேன். அதிலிருந்த கான்ஜியில், அதாவது ஜப்பானியர் பயன்படுத்தும் சீன எழுத்துகளில், கடைசி எழுத்துக்கு 'சாக்கே', அதாவது ஜப்பானிய அரிசி மது, என்று பொருள் வந்தது. விலையும் முந்நூறு யென்னுக்குள். வாங்கிவிட்டேன்.

மேலாளர் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி ஒரு வாய் வைத்தார். முகம் மாறவில்லை. கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தார். பாட்டில் சமையலறைக்குள் போனது, வேறொன்று வெளியே வந்தது.

நான் கொண்டுபோனது ரியோரிஷு, அதாவது சமையல் சாக்கே. அதில் 2 முதல் 3 சதவீதம் உப்பைக் கலந்துவிடுகிறார்கள். குடிக்க முடியாதபடி செய்துவிட்டால் மது வரி கிடையாது, மது உரிமம் இல்லாத கடையிலும் விற்கலாம். குடிக்கிற சாக்கேக்கு செய்ஷு என்று பெயர். நிஹோன்ஷு என்றாலும் புரியும். பெரும்பாலும் 15, 16 சதவீத ஆல்கஹால் இருக்கும். உப்பு துளியும் இராது. 'ஜுன்மாய்' என்றிருந்தால் அரிசி, கோஜி (பூஞ்சை வளர்த்த அரிசி), தண்ணீர் தவிர வேறெதுவும் சேர்க்கவில்லை என்று பொருள்.

எழுத்துப் படிக்கத் தெரியாவிட்டாலும் கல்லாவில் தெரிந்துவிடும். மது என்றால் 20 வயது நிறைந்ததா என்று கேட்பார்கள், அல்லது திரையில் பொத்தானைத் தொடச் சொல்வார்கள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் நரைத்த மீசைக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்! ஆனால் இதை மட்டும் நம்பிவிடாதீர்கள்: ஹோன்மிரினுக்கும் வயது கேட்பார்கள். அது சுமார் 14 சதவீத ஆல்கஹால் உள்ள இனிப்புச் சமையல் மது. மதுவே ஆகாது என்கிற வீட்டினர் இதையும் கவனிக்க வேண்டும். 'மிரின்ஃபூ', அதாவது மிரின் போன்றது, என்று விற்பதில் ஆல்கஹால் 1 சதவீதத்துக்கும் குறைவு.

மாற்றிப் பயன்படுத்தலாமா என்றால், குடிக்கிற சாக்கேயைச் சமையலில் தாராளமாக ஊற்றலாம். அட்டைப் பெட்டியில் வரும் மலிவான செய்ஷு போதும். மீனின் கவிச்சி போய்விடும். ரியோரிஷு ஊற்றினால் உப்பைக் குறைத்துப் போடுங்கள். என் மனைவி வழக்கமான அளவில் கல்லுப்பைப் போட்டு வைத்த மீன் குழம்பை நாங்கள் இரண்டு நாள் தயிர்சாதத்துக்கு ஊறுகாயாகத் தொட்டுக்கொண்டோம்.

மறுவாரம் மேலாளர் என் மேசைக்கு வந்து, நான் கொடுத்ததை ஊற்றிச் செய்த மீன் மிக நன்றாக வந்ததாக அவர் மனைவி சொல்லச் சொன்னார் என்றார். கேலியா, நன்றியா என்று முகத்தைப் பார்த்தேன். அப்போதும் அது மாறவில்லை.