மடிப்பு டிரெய்லரின் அடியில் உள்ள காற்றுத் துளைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காருக்குப் பின்னால் இழுத்துச் சென்று, கூரையைத் தூக்கி விரித்து உள்ளே தங்கும் வண்டிதான் மடிப்பு டிரெய்லர். பழையதாக அதை வாங்கியவர்கள் முதலில் செய்வது, கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்ப்பதுதான். சேசிஸில் துரு ஏறியிருக்கிறதா, ஆக்சில் நேராக இருக்கிறதா என்று பார்க்கப் போனால் தரைப்பலகையில் அங்கங்கே ஓட்டைகள் தெரியும். சிலவற்றில் பிளாஸ்டிக் கிரில், சிலவற்றில் கம்பிவலை, ஒன்றிரண்டில் ஒன்றுமே இருக்காது. தூசி, எலி, குளிர்காற்று எல்லாம் இதன் வழியாகத்தானே வருகிறது என்று உடனே சீலன்ட் குழாயைக் கையில் எடுப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்த ஓட்டைகளில் பெரும்பாலானவற்றை, செய்தவர்கள் தெரிந்தேதான் விட்டிருக்கிறார்கள்.

எந்த ஓட்டை எதற்கு என்று தெரியாமல் அடைப்பது

அடிப்பக்கத்து ஓட்டைகள் எல்லாம் ஒரே வேலைக்கானவை அல்ல. அடுப்புக்கும் சிலிண்டர் பெட்டிக்கும் கீழே இருப்பது, கசிந்த கேஸ் வெளியேற. ஹீட்டருக்கு அருகில் இருப்பது, எரிவதற்கான காற்றை உள்ளே இழுக்கவோ புகையை வெளியே விடவோ. சிங்க்குக்குக் கீழே இருப்பது கழிவுநீர்க் குழாய்க்காக. வயர் நுழையும் துளையும் உண்டு. மடித்து வைத்த கூரையிலிருந்து இறங்கும் மழைநீர் வடிய விட்ட துளையும் உண்டு.

இவற்றில் வயர் துளையைச் சுற்றியுள்ள இடைவெளியை ரப்பர் வளையம் போட்டு அடைக்கலாம், அதில் தவறே இல்லை. மற்றதைத் தொடும் முன் உள்ளேயிருந்து ஒரு முறை, வெளியேயிருந்து ஒரு முறை பாருங்கள். உள்ளே அந்த இடத்தில் என்ன சாதனம் இருக்கிறது என்பதே பாதி பதில். கிரில் போட்டு, ஓரத்தைச் சுத்தமாக வெட்டி, திருகாணி வைத்து முடித்திருந்தால் அது காற்றுக்கான துளை என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

‘சுற்றிலும் துணிதானே, காற்று வராமலா போகும்?’

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான நினைப்பு. கேட்க நியாயமாக வேறு இருக்கும்.

மடிப்பு டிரெய்லரின் மேல்பாதி துணி. ஆனால் கீழ்பாதி ஒரு கெட்டியான தொட்டி. தரையும் இடுப்பளவு சுவரும் பலகையாலோ ஃபைபராலோ ஆனவை. ஜன்னலும் ஜிப்பும் அதற்கு மேலேதான் தொடங்குகின்றன. சமையல் கேஸான புரோப்பேன் காற்றைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு கனம். பியூட்டேன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கசிந்தால் இரண்டும் தண்ணீரைப் போலத் தாழ்ந்த இடம் தேடி ஓடி அந்தத் தொட்டியின் அடியில் தேங்கும். மேலே துணி ஜன்னலை எவ்வளவு திறந்து வைத்தாலும் அது எளிதில் கலையாது.

எவ்வளவு கேஸ் தேங்கினால் ஆபத்து? காற்றில் சுமார் 2 சதவீதம் புரோப்பேன் கலந்தாலே தீப்பற்றும். 4 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலமுள்ள தரையின் மேல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு மட்டும் அந்தக் கலவை நிற்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், தேவைப்படுவது சுமார் 60 கிராம் கேஸ். அடுப்புக் குமிழ் சரியாக மூடாமல் ஒரு இரவு கிடந்தாலே அந்த அளவு கசிந்துவிடலாம். தரையில் இருக்கும் அந்தச் சின்ன ஓட்டைதான் அதை வெளியே விடுகிறது.

அப்புறம், துணி என்றதும் காற்று புகும் துணி என்று எண்ணிவிடக் கூடாது. மழைக்குத் தாங்குவதற்காகப் பிளாஸ்டிக் பூச்சு பூசிய துணியாக இருந்தால், ஜிப்பை இழுத்து மூடிய பிறகு அதன் வழியாகக் காற்று வருவது மிகக் குறைவு.

ஐரோப்பாவில் இத்தகைய வண்டிகளுக்கான காற்றோட்டத் தரநிலை இஎன் 721. உயரத்திலும் தரைமட்டத்திலும், யாரும் மூட முடியாத நிலையான திறப்புகள் இருக்க வேண்டும் என்கிறது அது. மூட முடியாதபடி வைப்பதற்குக் காரணம் எளிது. மூடும் வசதி இருந்தால், குளிர் அடிக்கும் முதல் இரவிலேயே நாம் மூடிவிடுவோம்.

குளிருக்காக அடைப்பது

கால் சில்லிடும்போது பழைய துணியைச் சுருட்டி ஓட்டையில் திணிப்பது எல்லோருக்கும் தோன்றுவதுதான். அதே நேரத்தில் அடுப்பையோ ஹீட்டரையோ எரியவிடுவதுதான் சிக்கல். 1 கிலோ புரோப்பேன் முழுதாக எரியச் சுமார் 12 கன மீட்டர் காற்று வேண்டும். மேலே சொன்ன டிரெய்லருக்கு 2 மீட்டர் உயரம் வைத்தால் மொத்தக் கொள்ளளவே 16 கன மீட்டர்தான். காற்று பற்றாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு உருவாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்காமலே போகலாம். சமையல் அடுப்பை அறையைச் சூடாக்கப் பயன்படுத்துவது ஓட்டைகள் திறந்திருந்தாலும் தவறு. அடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. அந்த 1 கிலோ புரோப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி வரும். புகையை வெளியே விடும் குழாய் இல்லாத அடுப்பாக இருந்தால் அத்தனையும் உள்ளேதான். காலையில் துணிச்சுவர் நனைந்திருக்கிறது, மெத்தையின் அடியில் பூஞ்சை பிடிக்கிறது என்று புலம்புகிறவர்கள், முந்தின இரவு எந்த ஓட்டையை அடைத்தோம் என்று யோசித்துப் பார்ப்பது நல்லது. குளிருக்குத் தரைவிரிப்பும் நல்ல போர்வையும் போதும். விரிப்பில் ஓட்டை வரும் இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுப் போடுங்கள், அவ்வளவுதான்.

எலிக்கும் பூச்சிக்கும் தவறான வலை

வலை போடுவது தவறல்ல, கொசுவலை போடுவதுதான் தவறு. 1 மில்லிமீட்டர் கம்பி, 1 மில்லிமீட்டர் இடைவெளி என்று பின்னிய வலையில் திறந்திருக்கும் பரப்பு வெறும் 25 சதவீதம். அதாவது நான்கில் மூன்று பங்கு ஓட்டையை நீங்களே அடைத்துவிட்டீர்கள். மிச்சத்தைச் சாலைத் தூசி பார்த்துக்கொள்ளும். அதே கம்பியில் 6 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் திறப்பு 73 சதவீதத்துக்கு மேல். பெரிய எலி அதில் நுழையாது. சுண்டெலிக் குட்டிக்குக் கொஞ்சம் இடம் இருக்கலாம் என்றால் 5 மில்லிமீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். துருப்பிடிக்காத எஃகு வலையாக இருக்கட்டும். பிளாஸ்டிக் வலையை எலி கடித்துவிடும்.

வண்டிக்கு அடியை மூடுவது

நீண்ட நாள் ஓரிடத்தில் நிறுத்துகிறவர்கள் டிரெய்லரைச் சுற்றித் தரைவரைக்கும் பாவாடை போலத் துணி கட்டுவதுண்டு. பார்க்க அழகாக இருக்கும், காற்றும் அடங்கும். ஆனால் ஓட்டை வழியாக இறங்கிய கேஸ் அந்தத் துணிக்குள்ளேயே நின்றுவிடும். ஹீட்டரின் புகைக்குழாய் அடிப்பக்கத்தில் முடிகிற வண்டியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். வெளியே போன புகையை அதே தரைத்துளை மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும். கட்டியே ஆக வேண்டும் என்றால் எதிரெதிர் இரண்டு பக்கங்களை முழுதாகத் திறந்து விடுங்கள். பனி விழும் இடமானால் அடியில் சேரும் பனியும் இதே வேலையைச் செய்யும், தினமும் அள்ள வேண்டும். ஜெனரேட்டரைக் காற்று வரும் திசையில் வைத்தாலும் அதன் புகை அடிவழியாகவே ஏறும்.

துருவுக்கு எதிராக அடிப்பூச்சு அடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஸ்பிரே செய்யும் முன் கிரில்களை டேப்பால் மூடுங்கள், முடிந்ததும் டேப்பைக் கழற்ற மறக்காதீர்கள். ஃபோம் அடிப்பதை நான் சுத்தமாகவே தவிர்க்கச் சொல்வேன். அது பொங்கி எங்கே போகும் என்று அடிப்பவருக்கே தெரியாது.

மடித்து வைத்த பிறகு மறந்துவிடுவது

மடிக்கும்போது மெத்தை, போர்வை, நாற்காலி எல்லாம் தரையில்தான் போகும், ஓட்டையின் மேலேயேகூட. கூரையை இறக்கியதும் டிரெய்லர் ஒரு மூடிய பெட்டி. அதன் மேல் தார்ப்பாலினும் போர்த்தினால் மாதக்கணக்கில் உள்ளே காற்றே அசையாது. சிலிண்டர் வால்வைச் சரியாக மூடாமல் நிறுத்தியிருந்தால், திறக்கும் நாளில் விளக்கு சுவிட்சைத் தட்டும் ஒரு பொறி போதும். ஆகவே வால்வை மூடுவது முதலில், சாமான் அடுக்குவது பிறகு. ஓட்டைகளைச் சுற்றி ஒரு கையகலம் வெற்றிடம் விடுங்கள். திறக்கும் நாளில் கூரையைத் தூக்கி, கதவைத் திறந்து, கொஞ்ச நேரம் விட்ட பிறகே எந்த சுவிட்சையும் தொடுங்கள்.

பேட்டரியையும் இதே கணக்கில் சேர்ப்பது

தண்ணீர் ஊற்றும் ஈய பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். அது காற்றைவிடச் சுமார் 14 மடங்கு லேசு, மேலே ஏறும். தரை ஓட்டை பக்கத்தில் இருக்கிறதே என்று பேட்டரியை உள்ளே மூலையில் வைத்தால் பயனில்லை. மூடிய பேட்டரிப் பெட்டியும், அதன் மேல்பகுதியிலிருந்து வெளியே போகும் குழாயும் வேண்டும். சிலிண்டர் பெட்டிக்குள் பேட்டரியை வைக்கவே கூடாது.

அலாரம் வைப்பவர்களும் இதே எடைக் கணக்கில் குழம்புகிறார்கள். கேஸ் அலாரம் தரையை ஒட்டி இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு ஏறக்குறைய காற்றின் எடையே என்பதால் அந்த அலாரத்தைப் படுத்திருப்பவரின் தலை உயரத்தில் வைக்கலாம், துல்லியமான இடத்தை அதனுடன் வரும் தாள் சொல்லும். அலாரம் இருக்கிறது என்பதற்காக ஓட்டையை அடைப்பது, மணி அடிக்கிறது என்று கதவைப் பூட்டுவது மாதிரி.

புதிதாகத் துளை போடுவது

ஓட்டை போதவில்லை என்று தோன்றி டிரில்லை எடுக்கிறவர்களும் உண்டு. தரைக்குக் கீழே கேஸ் குழாயும் பிரேக் வயரும் ஓடுகின்றன, சட்டத்தின் குறுக்குக் கம்பியும் இருக்கிறது. முதலில் இருக்கிற ஓட்டைகளைச் சுத்தம் செய்யுங்கள். கேஸை மூடிவிட்டு, மெல்லிய காகிதத் துண்டைக் கிரில்லின் மேல் பிடித்து, காற்றுள்ள நாளில் அசைகிறதா என்று பாருங்கள். அசையவே இல்லையென்றால் பெரும்பாலும் மண்ணோ குளவிக்கூடோ அடைத்திருக்கும். உடைந்த கிரில்லை மாற்றும்போது அதே திறப்பளவு உள்ளதாக வாங்கி, மூடாக்கு உள்ள வகையானால் அதன் வாய் வண்டியின் பின்பக்கம் பார்க்கும்படி பொருத்துங்கள். ஓடும்போது சக்கரம் வாரி இறைக்கும் சேறு உள்ளே வராது.