பவளத் தொட்டியில் பாஸ்பேட்டை மெல்ல இறக்குவது எப்படி

உயிருள்ள பவளங்களை வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கும் நண்பர்கள் எனக்கு அனுப்பும் படங்களில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். பாறை மேல் முடி முடியாகப் பச்சைப் பாசி, கண்ணாடியில் தினமும் படியும் படலம், நிறம் போய்ப் பழுப்பேறிய மான்டிபோரா பவளம். கூடவே ஒரு கேள்வி: "அண்ணே, பாஸ்பேட் 0.4 காட்டுது, எந்த மருந்து வாங்கட்டும்?" மருந்து வாங்குவது கடைசி வேலை. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

என் தொட்டி சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்தில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு ஒன்றின் வரவேற்பறையில் இருக்கிறது. பாறையும் மணலும் அடைத்த இடம் போக உண்மையான நீர் 200 லிட்டர். கீழே வரும் கணக்கெல்லாம் இந்த 200 லிட்டருக்கானவை. உங்கள் தொட்டியின் அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கடைக்காரர் சொன்ன தொட்டி அளவை வைத்துக் கணக்குப் போட வேண்டாம், அது எப்போதும் கூடுதலாகத்தான் இருக்கும்.

எவ்வளவு இருக்க வேண்டும்?

திறந்த கடலின் பவளப்பாறைகளைச் சுற்றி பாஸ்பேட் மிகக் குறைவு, பெரும்பாலும் 0.02 பி.பி.எம்.முக்கு (லிட்டருக்கு மில்லிகிராம்) கீழே. அதைப் பார்த்துவிட்டுத் தொட்டியிலும் அதே எண்ணைப் பிடிக்க நினைப்பவர்கள் உண்டு. கடலில் இரவும் பகலும் நுண்ணுயிர்கள் உணவாக மிதந்து வந்துகொண்டே இருக்கின்றன, தொட்டியில் அது கிடையாது. அதனால் நான் வைத்திருக்கும் வரம்பு 0.03 முதல் 0.10 வரை. அக்ரோபோரா மாதிரி சிறு பாலிப் பவளங்கள் அதிகம் இருந்தால் கீழ்ப்பக்கம், ஹாமர், டார்ச், ஸோவா, லெதர் என்று மற்ற வகைப் பவளங்களை வைத்திருந்தால் மேல்பக்கம். மென்பவளங்கள் 0.2 இருந்தாலும் நன்றாக விரிந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

பாஸ்பேட் ஏறினால் இரண்டு விஷயம் நடக்கும். பவளம் சுண்ணாம்பு எலும்பு கட்டுவதை அது தடுக்கிறது, வளர்ச்சி மந்தமாகும். பவளத் திசுவுக்குள் வாழும் நுண்பாசி பெருகுவதால் நீலமும் ஊதாவும் மறைந்து பழுப்பு மேலோங்கும். ஆனால் அதற்காகப் பதறத் தேவையில்லை. சிங்கப்பூரின் தென்தீவுகளைச் சுற்றி, பூலாவ் ஹந்து, சிஸ்டர்ஸ் தீவுகள் பக்கமெல்லாம் நீர் கலங்கலாகத்தான் இருக்கும், சில மீட்டருக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாது. அங்கேயும் பவளங்கள் வாழ்கின்றன. 2014இல் அறிவிக்கப்பட்ட நாட்டின் முதல் கடல் பூங்காவே அங்கேதான் இருக்கிறது. ஓரளவு கூடுதல் பாஸ்பேட்டைப் பவளம் சமாளிக்கும். 0.4 இருந்த நீர் ஒரே இரவில் 0.05க்கு இறங்குவதைத்தான் அதனால் சமாளிக்க முடியாது. நுனியிலிருந்தோ அடியிலிருந்தோ திசு உரிந்து வெள்ளையாகிவிடும். எண்ணைவிட எண் மாறும் வேகத்தைப் பார்ப்பதுதான் முக்கியம்.

அளப்பது

சொட்டு மருந்து விட்டு நீல நிறத்தை அட்டையோடு ஒப்பிடும் சோதனைகள் 0.5க்கு மேல் பரவாயில்லை. 0.03க்கும் 0.10க்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் கண் போதாது. நான் பயன்படுத்துவது ஹன்னா 736 என்ற கையடக்க மானி. அது பாஸ்பேட்டைக் காட்டாது, பாஸ்பரஸை பி.பி.பி. (பி.பி.எம்.மில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் காட்டும். வரும் எண்ணை 3.066ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால் பாஸ்பேட் பி.பி.எம். கிடைக்கும். மானி 20 காட்டினால் பாஸ்பேட் 0.06.

குப்பியைத் தொட்டி நீரால் இரண்டு முறை அலசி, 10 மில்லி பிடித்து, வெளியே மென்துணியால் துடைத்துச் சுழியம் வையுங்கள். அப்புறம் பொடி பாக்கெட் முழுவதையும் கொட்டி இரண்டு நிமிடம் மெதுவாகக் குலுக்க வேண்டும். வேகமாகக் குலுக்கினால் நுண்குமிழ்கள் ஒட்டிக்கொண்டு எண்ணைக் கூட்டிக் காட்டும். பொடி மூலையில் தங்கினால் குறைத்துக் காட்டும். மூன்று நிமிட எண்ணிக்கை முடிந்ததும் வருவதை எழுதி வையுங்கள். குப்பியை பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவாதீர்கள், ஆர்.ஓ. நீர் போதும்.

இந்த மானியின் பிழை வரம்பு கூட்டியோ குறைத்தோ 5 பி.பி.பி., அதற்கு மேல் அளவீட்டில் 5 சதவீதம். பாஸ்பேட்டாகப் பார்த்தால் ஏறத்தாழ 0.015. நேற்று 0.06, இன்று 0.07 என்றால் எதுவும் மாறவில்லை என்றுதான் பொருள். வாரத்துக்கு ஒரு முறை, ஒரே நேரத்தில், உணவு போடுவதற்கு முன் அளந்து, நான்கைந்து வாரப் போக்கைப் பார்த்து முடிவெடுங்கள்.

இன்னொன்று. மானி நீரில் கரைந்த பாஸ்பேட்டை மட்டுமே அளக்கும். பாசியின் உடலுக்குள்ளும் அடியில் தங்கிய கழிவுக்குள்ளும் இருப்பது அதற்குத் தெரியாது. தொட்டி முழுக்கப் பாசி மண்டியிருக்க மானி 0.00 காட்டினால், வருவதையெல்லாம் பாசி உடனே தின்றுவிடுகிறது என்று அர்த்தம்.

உள்ளே போவது எவ்வளவு?

தொட்டிக்குள் வரும் பாஸ்பேட்டில் பெரும்பங்கு மீன் உணவிலிருந்து வருகிறது. உலர் உணவில் பாஸ்பரஸ் சுமார் 1 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். சமையலறைத் தராசில் ஒரு நாளைய உணவை நிறுத்துப் பாருங்கள். அரை கிராம் என்றால் அதில் 5 மில்லிகிராம் பாஸ்பரஸ், அதாவது 15 மில்லிகிராம் பாஸ்பேட். 200 லிட்டரில் பிரித்தால் 0.077 பி.பி.எம். ஒரே நாளில்! மீன் உடம்பில் தங்குவது கொஞ்சம்தான், மீதி கழிவாக வெளியே வந்துவிடும். எதுவுமே அதை வெளியேற்றாவிட்டால் ஒரு வாரத்தில் 0.5 தாண்டும். இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்த்தவர்கள் கைநிறைய அள்ளிப் போடுவதைத் தானாகவே நிறுத்திவிடுவார்கள்.

இதற்காக மீனைப் பட்டினி போடாதீர்கள். டாங், ஆந்தியாஸ் மாதிரி மீன்களுக்கு நாளெல்லாம் கொறிக்க வேண்டும். ஒரே தடவை போடுவதை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்குக் குறையுங்கள். தின்னாமல் பாறை இடுக்கில் போய் விழுவதுதான் வீண்.

உறைந்த மைசிஸ், ஆர்ட்டீமியா கட்டிகளை வலையில் கழுவிப் போடச் சொல்வார்கள். நானும் கழுவுகிறேன், கலங்கல் குறையும். ஆனால் பாஸ்பேட்டில் பெரும்பகுதி சதைக்குள் இருப்பதால் கழுவுவதால் மட்டும் பிரச்சினை தீராது. ஈரச்சந்தை இறாலை அரைத்து வீட்டிலேயே உணவு செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேரங்காடியில் உறைய வைத்து விற்கும் உரித்த இறாலில் ஈரம் தங்குவதற்காகப் பாஸ்பேட் உப்பு சேர்ப்பது வழக்கம். பொட்டலத்தில் இ450, இ451, இ452 என்று எது இருந்தாலும் அதைத் தொட்டிக்கு எடுக்காதீர்கள். ஓட்டோடு இருக்கும் பச்சை இறால் நல்லது.

நீர் விஷயம் சுருக்கமாக. ஆர்.ஓ.வுக்குப் பின், மிச்ச உப்புகளைப் பிடிக்கும் டி.ஐ. பிசினும் வைத்து, டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) 0 காட்டும் நீரை மட்டும் உப்புக் கரைக்கவும் ஆவியானதை நிரப்பவும் பயன்படுத்துங்கள். சிங்கப்பூர்க் குழாய் நீரில் கிருமிநாசினியான குளோரமின் இருப்பதால் கார்பன் வடிகட்டி அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர்களுக்கு: குடிநீர் ஆர்.ஓ. இயந்திரங்களில் பல, சுவைக்காகக் கொஞ்சம் மூல நீரைக் கலந்து விடுபவை. அந்த நீர் தொட்டிக்கு ஆகாது. கடைகளில் டிரம்மில் கடல்நீர் வாங்குபவர்கள் ஒவ்வொரு டிரம்மையும் அளந்துவிட்டு ஊற்றுங்கள்.

பாறை குடித்து வைத்திருப்பது

பலர் சோர்ந்து போகும் இடம் இது. 0.40 இருக்கும்போது 20 லிட்டர் நீர் மாற்றினால் கணக்குப்படி 0.36 ஆக வேண்டும். மாற்றிய அன்று அப்படித்தான் காட்டும். இரண்டு நாளில் திரும்பவும் 0.39. உப்பு மோசம், மானி மோசம் என்று சண்டை தொடங்கிவிடும். உண்மையில் கால்சியம் கார்பனேட்டால் ஆன பாறையும் மணலும் பாஸ்பேட்டைத் தம் மேல் ஒட்ட வைத்துக்கொள்கின்றன. நீரில் கூடினால் பிடித்துக்கொள்ளும், நீரில் குறைந்தால் விடும். எண்ணெய் குடித்த மண்சட்டியை எத்தனை முறை கழுவினாலும் அடுப்பில் வைத்ததும் மறுபடி எண்ணெய் கசியுமே, அப்படி. நாம் இறக்குவது 200 லிட்டர் நீரிலுள்ள பாஸ்பேட்டை மட்டுமல்ல, பாறை மாதக்கணக்கில் குடித்து வைத்ததையும் சேர்த்துத்தான். அதற்கு மாதங்கள் ஆகும், ஆகட்டும். பாறை மெல்ல விடுவது ஒரு வகையில் நல்லது, திடீர் சரிவைத் தடுக்கும்.

இதனால்தான் பழைய தொட்டியிலிருந்து மலிவாகக் கிடைக்கும் பாறையை அப்படியே வைக்கக் கூடாது. உயிரில்லாத காய்ந்த பாறை என்றால் தனி வாளியில் உப்பு நீரில் ஊற வைத்து, பம்ப் ஓடவிட்டு, லந்தனம் குளோரைடு (பாஸ்பேட்டைப் பிடித்து வெண்துகளாக்கும் உப்பு) கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பாஸ்பேட்டை இறக்குங்கள். நீர் பால் போல் கலங்கும், தெளிந்ததும் அளந்து மறுபடி விடுங்கள். பல நாள் கழித்தும் எண் ஏறாமல் நின்றால் பாறை தயார்.

வெளியே எடுப்பது

முதலில் ஸ்கிம்மர், அதாவது கழிவை நுரையாக்கி வெளியே எடுக்கும் கருவி. கழிவு கரைந்து பாஸ்பேட்டாக மாறும் முன்பே அள்ளிவிடுவதால் இதுதான் சிக்கனம். கழுத்துப் பகுதியை வாரம் இருமுறை துடைத்தாலே நுரை எடுப்பது நன்றாகக் கூடும். வடிகட்டிப் பையை மூன்று நாளுக்கு மேல் விடாதீர்கள், சிக்கிய கழிவு அங்கேயே அழுகும். மணலின் மேல்பகுதியையும் பாறை இடுக்கையும் நீர் மாற்றும்போது உறிஞ்சி எடுங்கள்.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்த வழி: சம்ப்பில் (தொட்டியோடு இணைந்த துணைத் தொட்டியில்) சேட்டோ என்ற பாசியை உருண்டையாக வளர்ப்பது. தொட்டி விளக்கு அணையும் நேரத்தில் இதற்கான விளக்கு எரிய வேண்டும். இரவில் பி.எச். சரிவதும் குறையும். உருண்டை பெருத்ததும் மூன்றில் ஒரு பங்கைப் பிய்த்து எறியுங்கள். எறிந்தால்தான் பாஸ்பேட் வெளியேறும், வளர்த்து அழகு பார்ப்பதால் ஒன்றும் குறையாது. சேட்டோ வெளிறி உதிர்ந்தால் நைட்ரேட்டை அளந்து பாருங்கள். நைட்ரேட் 0 என்றால் எவ்வளவு பாஸ்பேட் இருந்தாலும் அதனால் எடுக்க முடியாது. வோட்கா, வினிகர் விட்டுப் பாக்டீரியா வளர்க்கும் முறைக்கும் இதே விதிதான். அது நைட்ரேட்டை வேகமாக இறக்கும், பாஸ்பேட்டைக் கொஞ்சம்தான் தொடும்.

இத்தனைக்குப் பிறகும் எண் 0.2க்குக் கீழே வரவில்லை என்றால் ஜி.எஃப்.ஓ. எனப்படும் இரும்பு ஆக்சைடு மணிகள். பொட்டலத்தில் சொன்ன அளவில் கால் பங்கில் தொடங்குங்கள். முழு அளவு போட்டால் திடீர் சரிவு நிச்சயம். ஆர்.ஓ. நீரில் செந்தூள் போகும் வரை அலசி ரியாக்டரில் (நீர் ஊடாக ஓடும் குழாய்க் கருவியில்) இட்டு, மேல் மணிகள் லேசாக அசையும் அளவுக்கு மட்டும் நீரோட்டம் வையுங்கள். உருண்டு புரண்டால் தூளாகித் தொட்டிக்குள் வரும். முதல் மூன்று நாள் தினமும் பாஸ்பேட்டையும் கே.எச்.சையும் (நீரின் காரத்தன்மை அளவு) அளக்க வேண்டும், புது ஜி.எஃப்.ஓ. கே.எச்.சைக் கொஞ்சம் இழுக்கும். ஒரு வாரத்தில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினால் ரியாக்டரை நாளில் சில மணி நேரம் மட்டும் ஓட்டுங்கள். எப்போது மாற்றுவது என்பதற்கு நாள்காட்டி வேண்டாம். ரியாக்டரிலிருந்து வெளிவரும் நீரை அளந்து பாருங்கள், தொட்டி நீரின் எண்ணே வந்தால் மணிகள் தீர்ந்துவிட்டன. அலுமினியம் அடிப்படையிலான வெள்ளை மணிகளும் உண்டு. லெதர் பவளங்கள் அதற்குச் சுருங்குவதால் நான் அவற்றை வைப்பதில்லை.

லந்தனம் குளோரைடை மீன் உள்ள தொட்டியில் விடுவது கடைசி வழி. நீர்த்துப்போகக் கலந்து, 5 அல்லது 10 மைக்ரான் வடிகட்டிப் பைக்குள் சொட்டுச் சொட்டாக, பல மணி நேரம் விட வேண்டும். அந்த வெண்துகள் மீனின் செவுளில் படியக் கூடாது. குறிப்பாக டாங் மீன்கள் இதனால் மூச்சு வாங்கிச் செத்ததாக அனுபவசாலிகள் பலர் சொல்கிறார்கள். என் தொட்டியில் மஞ்சள் டாங் இருக்கிறது, அதனால் லந்தனத்தை வாளியோடு நிறுத்திக்கொண்டேன்.

மிகக் குறைந்துவிட்டால்

பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் 0.00 என்று இருந்தால் பவளம் வெளிறும். அதைவிட மோசம், டைனோ என்று நாம் சொல்லும் டைனோஃபிளாஜெல்லேட்டு நுண்ணுயிர்கள் இடம் பிடிக்கும். குமிழ்களோடு பழுப்புச் சளி மாதிரி மணல் மேல் படரும், விளக்கு அணைந்ததும் குறையும், காலையில் மறுபடி வரும். அதைப் பாசி என்று நினைத்து ஜி.எஃப்.ஓ.வைக் கூட்டினால் இன்னும் பெருகும். ஜி.எஃப்.ஓ.வை உடனே எடுத்துவிடுங்கள், சேட்டோ விளக்கு நேரத்தைப் பாதியாக்குங்கள், உணவைக் கூட்டுங்கள்.

அதுவும் போதவில்லை என்றால் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட், உணவுத் தரத்தில் வாங்கியது, 1.43 கிராம் எடுத்து ஆர்.ஓ. நீரில் கரைத்து 1 லிட்டராக்குங்கள். இதில் ஒரு மில்லிக்கு 1 மில்லிகிராம் பாஸ்பேட். 200 லிட்டருக்கு 10 மில்லி விட்டால் 0.05 ஏற வேண்டும். ஆனால் முதல் சில நாள் ஏறாது, பாறை குடித்துவிடும். மறுநாள் அளந்து, மறுபடி 0.00 என்றால் அதே 10 மில்லியை மட்டும் விடுங்கள், இருமடங்காக்க வேண்டாம். பாறைக்குப் போதுமானது கிடைத்ததும் எண் 0.03, 0.04 என்று நிற்கத் தொடங்கும். அப்போது அளவைப் பாதியாக்கி, மானி இரண்டு வாரம் ஒரே இடத்தில் நின்றால் நிறுத்திவிடலாம். கரைசல் புட்டியில் பெயரும் தேதியும் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.