ஜெராக்ஸ் இயந்திரத்துக்கு ஃபர்ம்வேர் ஏற்ற எந்த மெமரி கார்டு, எந்தப் பென் டிரைவ்?

ஃபர்ம்வேர் (இயந்திரத்தை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள்) ஏற்றும்போது இயந்திரம் பாதியில் நின்றுவிட்டால் பலரும் முதலில் சந்தேகப்படுவது கன்ட்ரோலர் போர்டைத்தான். நான் முதலில் வாங்கிப் பார்ப்பது கார்டை. போர்டைக் கழற்றி, விலை விசாரித்து, கடைக்காரரைக் கலங்கடித்த பிறகு வேறொரு கார்டைப் போட்டதும் வேலை முடிந்துவிடுவது நம் தொழிலில் அடிக்கடி நடக்கிறது. ஸ்க்ரூ டிரைவரையும் மல்டிமீட்டரையும் அத்தனை பார்த்து வாங்குகிற நாம், கார்டு விஷயத்தில் மட்டும் பையில் எது கிடைக்கிறதோ அதை எடுத்துச் செருகிவிடுகிறோம். இந்தப் பழக்கத்தை மாற்றத்தான் இதை எழுதுகிறேன்.

பழுதுபார்ப்பில் புதிதாக இறங்கியவர்களுக்கும், ரீகண்டிஷன் இயந்திரம் வாங்கிக் கடை நடத்துபவர்களுக்கும் இது பயன்படும். உங்கள் மாடலுக்கு உரிய ஃபர்ம்வேரும் சர்வீஸ் மேனுவலும் கையில் இருக்கின்றன என்று எடுத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: இயந்திரத்தின் வயதைப் பாருங்கள்

ரிக்கோ இயந்திரங்களில் பெரும்பாலும் எஸ்டி கார்டு. கியோசெரா டாஸ்க்ஆல்ஃபா வரிசையில் பென் டிரைவ். எது வேண்டும் என்பதை மேனுவலே சொல்லிவிடும். ஆனால் எஸ்டி கார்டு என்று மட்டும் தெரிந்துகொண்டு கடைக்குப் போகாதீர்கள். எந்தத் தலைமுறைக் கார்டு என்பதுதான் முக்கியம்.

2 ஜிபி வரை உள்ளது சாதாரண எஸ்டி. அதற்கு மேல் 32 ஜிபி வரை எஸ்டிஹெச்சி; இது 2006-இல் வந்தது. 32 ஜிபிக்கு மேல் போனால் எஸ்டிஎக்ஸ்சி. பார்ப்பதற்கு மூன்றும் ஒரே அளவு, ஒரே வடிவம். கார்டின் முகப்பில் உள்ள சின்னத்தை வைத்துத்தான் வேறுபாடு தெரியும்.

இந்த இடத்தில்தான் நான் ஒரு மாலை முழுவதும் மாட்டிக்கொண்டு நின்றேன். பழைய இயந்திரம், கையில் இருந்தது 8 ஜிபி கார்டு. அதில் 1 ஜிபி அளவுக்கு மட்டும் ஒரு பகுதியைப் பிரித்து, எஃப்ஏடி16 என்ற பழைய கோப்பு அமைப்பு முறையில் ஃபார்மேட் செய்தால் போதும் என்பது தொழிலில் பலரும் சொல்லும் யோசனை. அப்படியே செய்தேன். லேப்டாப்பில் கார்டு அழகாகத் திறந்தது, கோப்புகளும் இருந்தன. இயந்திரத்தில் போட்டால் எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. அப்டேட் திரை வராமல், கார்டே போடாதது போல வழக்கமான நகல் திரைக்குப் போய்விட்டது. பிழை எண் ஒன்று வந்திருந்தால் தேடிப் பிடித்திருக்கலாம். எதுவுமே வராததால் ஸ்லாட்டைச் சுத்தம் செய்வது, கோப்புகளை மறுபடி இறக்குவது என்று கவனம் வேறெங்கோ போய்விட்டது.

காரணம் ஃபார்மேட்டில் இல்லை. சாதாரண எஸ்டி கார்டில் இயந்திரம் தகவலைக் கேட்கும்போது ஒவ்வொரு பைட்டையும் தனி முகவரியாக எண்ணிக் கேட்கிறது. எஸ்டிஹெச்சியில் 512 பைட் கொண்ட ஒரு தொகுதிக்கு ஒரு முகவரி. பழைய ஸ்லாட்டுக்கு இந்தப் புதிய கணக்கே தெரியாது. கார்டுடன் முதல் பேச்சே நடக்காதபோது, உள்ளே பகுதியை எப்படிப் பிரித்து வைத்திருந்தாலும் அது பார்க்கப் போவதில்லை. ஆகவே 2006-க்கு முன் வடிவமைக்கப்பட்ட ஸ்லாட் என்றால், கார்டே 2 ஜிபி அல்லது அதற்குக் குறைந்ததாக இருக்க வேண்டும். குறுக்கு வழி கிடையாது. மேனுவலில் 32 ஜிபி வரை என்று போட்டிருந்தால் எஸ்டிஹெச்சி தாராளமாகப் போடலாம். எஸ்டிஎக்ஸ்சியை எதற்கும் வாங்க வேண்டாம்.

படி 2: வாங்குவது

என் பையில் நிரந்தரமாக இருப்பவை: 1 ஜிபி, 2 ஜிபி சாதாரண எஸ்டி கார்டுகள், ஒரு 8 ஜிபி எஸ்டிஹெச்சி, 8 ஜிபி பென் டிரைவ் இரண்டு. அவ்வளவுதான். ஃபர்ம்வேர் கோப்புகளுக்கு அதற்கு மேல் இடம் தேவையில்லை.

2 ஜிபி கார்டு இப்போது கடையில் எளிதில் கிடைப்பதில்லை. வீட்டில் பழைய டிஜிட்டல் கேமரா இருந்தால் அதற்குள் பாருங்கள். அன்றைய கார்டுகள் பல இன்றும் நன்றாக வேலை செய்கின்றன. புதிதாகத்தான் வேண்டும் என்றால் டிரான்சென்ட், ஏடிபி, ஸ்விஸ்பிட் போன்ற நிறுவனங்கள் தொழிற்சாலைக் கருவிகளுக்கென்று தனியாகக் கார்டு செய்கின்றன. அவற்றில் எஸ்எல்சி வகை, ஒரு செல்லில் ஒரே ஒரு பிட்டை மட்டும் வைக்கிறது. சாதாரணக் கார்டுகளில் ஒரே செல்லுக்குள் மூன்று, நான்கு பிட்டுகளைத் திணிக்கிறார்கள். சேமித்த மின்னேற்றம் கொஞ்சம் கசிந்தாலும் பிட் மாறும் வாய்ப்பு அதில் அதிகம். வெயிலில் நிற்கும் பைக் பெட்டிக்குள் கார்டை வைத்துக்கொண்டு ஊர் சுற்றும் நமக்கு இந்த வேறுபாடு பெரிது. எஸ்எல்சி விலை அதிகம்தான், ஆனாலும் இதே வேலையாக இருப்பவர்கள் ஒன்றாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கிளாஸ் 10, வி30, ஏ1 என்று அட்டையில் அச்சடித்திருக்கும் வேக எண்களுக்காகப் பணம் கொடுக்காதீர்கள். அவை வீடியோ எடுப்பவர்களுக்கும் கைப்பேசிக்கும் உரியவை.

மைக்ரோ எஸ்டியை அடாப்டருக்குள் போட்டுப் பயன்படுத்துவதை நான் முற்றிலும் தவிர்க்கிறேன். இரண்டு இடத்தில் தொடுமுனைகள் சேர வேண்டும். ஒன்று தளர்ந்தாலும் வேலை கெட்டது. அடாப்டரின் பக்கவாட்டில் உள்ள பூட்டுத் துண்டை விரலால் தள்ளிப் பாருங்கள். பல அடாப்டர்களில் அது அங்கும் இங்கும் தானாக வழுக்கும். ஸ்லாட்டுக்குள் செருகும்போது உரசி, பூட்டு நிலைக்குப் போய்விடும். ரிக்கோவில் ஃபர்ம்வேர் ஏற்றுவதற்கு முன் சர்வீஸ் மெனுவில் உள்ள எஸ்பி5-824 வழியாக என்வி-ராம் (இயந்திரத்தின் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் நினைவகம்) தகவல்களை அதே கார்டில் எடுத்து வைக்க நினைத்தால், பூட்டு திறந்திருந்தால்தான் கார்டில் எழுத முடியும்.

பென் டிரைவில் நான் பார்ப்பது: யூஎஸ்பி 2.0, விளக்கு எரிவது, நடுத்தர நீளம். விளக்கு மினுக்கினால் இயந்திரம் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறது என்று தெரியும். நீளமான டிரைவ் இயந்திரத்தின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். கூட்டமான கடையில் யாராவது இடுப்பால் இடித்துவிட்டுப் போவார்கள். கடவுச்சொல் கேட்கும் டிரைவ், செருகியதும் கூடவே சிடி டிரைவ் ஒன்றையும் காட்டும் டிரைவ் இரண்டும் வேண்டாம். இயந்திரம் அவற்றைப் பார்த்துக் குழம்பும்.

இன்னொன்று: கடையில் வாடிக்கையாளர்களின் கோப்பை வாங்கி அச்சடிக்கிற பென் டிரைவை ஃபர்ம்வேருக்குத் தொடவே கூடாது. ஷார்ட்கட் வைரஸ் ஏறி, ஃபோல்டர்களை மறைத்து வைத்திருக்கும்.

படி 3: வாங்கிய அன்றே சோதனை

ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறிய இலவச மென்பொருள் போதும். கார்டு முழுவதையும் நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். போலிக் கார்டு 32 ஜிபி என்று சொல்லிக்கொண்டாலும் உள்ளே அவ்வளவு இடம் இருக்காது. எழுதியதன் மேலேயே எழுதும், அல்லது எழுதியதாகப் பாவனை செய்யும். லினக்ஸில் எஃப்3 இதே வேலையைச் செய்யும். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்தக் கார்டைத் திருப்பிக் கொடுங்கள். மறு ஃபார்மேட் செய்து பிழைக்க வைக்கப் பார்க்காதீர்கள்.

படி 4: ஃபார்மேட்

எஸ்டி கார்டுக்கு எஸ்டி சங்கத்தின் ஃபார்மேட்டர் மென்பொருளைத் தவிர வேறெதையும் நான் பயன்படுத்துவதில்லை. கார்டின் வகைக்கு ஏற்ற முறையை அதுவே தேர்ந்தெடுக்கும். பென் டிரைவுக்கு ரூஃபஸ் நல்லது: பூட் ஆகாத டிரைவ், எம்பிஆர் (டிரைவைப் பகுதிகளாகப் பிரிக்கும் முறை), எஃப்ஏடி32 என மூன்றையும் தேர்ந்தெடுத்துத் தொடங்குங்கள். முன்பு லினக்ஸ் நிறுவப் பயன்படுத்திய டிரைவில் பல பகுதிகள் மிச்சம் இருக்கும். விண்டோஸில் வெறுமனே ஃபார்மேட் செய்தால் அவை போகாது, ரூஃபஸில் போய்விடும்.

படி 5: நகலெடுத்து, திரும்பப் படித்துப் பாருங்கள்

ரிக்கோவுக்கு கார்டின் முதல் மட்டத்தில் ரோம்டேட்டா என்ற ஃபோல்டர் இருக்க வேண்டும். அதற்குள் மாடல் எண் ஃபோல்டர், அதற்குள் எஃப்டபிள்யூயூ என்று முடியும் கோப்பு. ஜிப்பைப் பிரிக்கும்போது ரோம்டேட்டாவுக்குள் இன்னொரு ரோம்டேட்டா உருவாகிவிடும், கவனியுங்கள். வேறு மாடலின் ஃபர்ம்வேரை அதே கார்டில் சேர்த்து வைக்காதீர்கள். கியோசெராவுக்குப் பிரித்த கோப்புகளை ஃபோல்டர் எதற்குள்ளும் போடாமல் நேராக டிரைவின் முதல் மட்டத்தில் வையுங்கள்.

பலரும் தாண்டிப் போவது அடுத்த வேலையை. நகலெடுத்ததும் கார்டை முறைப்படி எஜெக்ட் செய்து வெளியே எடுங்கள். மறுபடி செருகுங்கள். செவன்-ஜிப் நிறுவியிருந்தால், கோப்பின் மேல் வலது கிளிக் செய்து ஷா-256 மதிப்பை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எழுத்துவரிசை) பார்க்கலாம். லேப்டாப்பில் உள்ள மூலக் கோப்புக்கும் கார்டில் உள்ள கோப்புக்கும் அந்த எழுத்துவரிசை ஒன்றாக இருக்க வேண்டும். கார்டை எடுக்காமலே ஒப்பிட்டால், விண்டோஸ் சற்று முன் எழுதியதை நினைவகத்திலிருந்தே படித்து ஒன்றுதான் என்று காட்டிவிடலாம். கார்டில் உண்மையில் என்ன பதிந்தது என்பது தெரியாது. எடுத்து மறுபடி செருகச் சொல்வது அதற்காகத்தான்.

படி 6: இயந்திரத்தில்

நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிடுங்கள். நடுவில் பிரிண்ட் ஏதும் வந்து சேரக் கூடாது. மெயின் சுவிட்சை அணைத்த பிறகே கார்டைப் போட வேண்டும். ரிக்கோவில் சர்வீஸுக்கு உரியது ஸ்லாட் 2. கிளிக் என்று உட்காரும் வரை அழுத்துங்கள்.

மின்சாரத்தைப் பற்றி: கணினிக்கு வைத்திருக்கும் சின்ன யூபிஎஸ்ஸை நம்ப வேண்டாம். டோனரைத் தாளில் உருக்கி ஒட்டும் ஃபியூசர் சூடாகும்போது ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும், யூபிஎஸ் அணைந்துவிடும். மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைப் பார்த்துவிட்டு நாளைத் தேர்ந்தெடுங்கள்.

அப்படியும் பாதியில் மின்சாரம் போனால், ரிக்கோவில் அதே கார்டை ஸ்லாட்டில் வைத்தபடி மறுபடி இயக்கினால் ஏற்றம் தானாகத் தொடரும். அந்த நேரத்தில் கார்டும் கெட்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வேலை முடிந்து சோதனை நகல் எடுக்கும் வரை கார்டை அழிக்காதீர்கள்.

பின்சேர்க்கை

ஆப்பிள் மேக்கில் நகலெடுத்த வாசகர் ஒருவருக்கு, கோப்புகள் சரியாக இருந்தும் இயந்திரம் ஏற்கவில்லை. மேக், புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வைத்த மறைகோப்புகளைக் கூடவே எழுதிவைக்கும். விண்டோஸ் கணினியில் செருகி அவற்றை நீக்கியதும் வேலை நடந்தது.

இன்னொருவர், ஏற்றி முடித்த கார்டை அப்படியே உள்ளே விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தார். கூடாது. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் அப்டேட் திரை வந்து நிற்கும், கடைப் பையன் தெரியாமல் எதையாவது அழுத்திவிடுவான். மெயின் சுவிட்சை அணைத்து, ஸ்லாட் 2-இல் உள்ள கார்டை மட்டும் எடுங்கள். ஸ்லாட் 1-இல் ஏற்கனவே ஒரு கார்டு இருந்தால் அது இயந்திரத்துக்கு உரியது, அதைத் தொடாதீர்கள்.