எஞ்சின் கவரை மெருகேற்றுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் பினாங்கு ஜெலுத்தோங்கில் உள்ள என் பட்டறைக்கு ஓர் இளைஞர், மோட்டார் சைக்கிள் எஞ்சினின் கறுத்துப்போன கிளட்ச் கவர் ஒன்றை நாளிதழில் சுற்றிக் கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்ததுமே காரணம் விளங்கிவிட்டது. என் முதல் யமஹா ஆர்எக்ஸ்-இசட் வண்டியில் இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன்.

காஸ்டிக் சோடாவில் ஊறவைப்பது

சாக்கடை அடைப்பு நீக்குவதற்காக ஹார்ட்வேர் கடையில் விற்கும் காஸ்டிக் சோடா, இரும்பின் மீதுள்ள சாயத்தை நன்றாகவே உரிக்கும் என்பதால், பலரும் எஞ்சின் கவரையும் அதே வாளியில் போட்டுவிடுகிறார்கள். கவரோ வார்ப்பு அலுமினியம். காஸ்டிக் அதன் மேலுள்ள ஆக்சைடு படலத்தைக் கரைத்துவிட்டு உலோகத்தையே தின்னத் தொடங்குகிறது. எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் குமிழ்குமிழாக எழுகிறது. அந்த வினையின் சூட்டிலேயே அரிப்பு இன்னும் வேகம் பிடிக்கிறது. கரையாத சிலிக்கானும் செம்பும் கரும்படிவாக மேலே தங்கிவிடுகின்றன. கறுப்பைத் தேய்த்து எடுத்துவிடலாம். எண்ணெய் கசியாமல் தடுக்கும் கேஸ்கெட் அமரும் முகமும் திருகுத் துளைகளின் மரைகளும் இழந்த உலோகம் திரும்பாது. என் முதல் வண்டியில், இரவு முழுவதும் இப்படி ஊறிய கவரை நான் மின்னவைத்துப் பூட்டினேன். பினாங்குப் பாலத்தைக் கடந்து பிறையை அடைவதற்குள் வலது காலணி எண்ணெயில் நனைந்திருந்தது. வேறு கவர்தான் வாங்க வேண்டியதாயிற்று. மலிவான வழி என்று இதை இன்னமும் சொல்லிக்கொடுப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் அடங்குவதில்லை.

அலுமினியத்துக்கு ஏற்றது என்று டப்பாவில் குறிப்பிட்டிருக்கும் கூழ் வடிவச் சாய நீக்கியைத் தடிப்பாகப் பூசி, காயாதபடி பிளாஸ்டிக் தாளால் மூடிவைத்து, சாயம் சுருங்கி எழும்பியதும் மரச்சில்லால் வழித்தெடுங்கள். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

இரும்புக் கம்பித் தூரிகை

வேண்டாம். அலுமினியத்தில் பதியும் இரும்புத் துகள் பின்னர் துருப்பிடிக்கும்.

உப்புத்தாளில் படி தாண்டுவது

240ஆம் எண் தாளில் தொடங்கினால் 320, 400, 600, 800, 1000 என்று ஒவ்வொன்றாக ஏற வேண்டும். தாள் மாறும்போதெல்லாம் தேய்க்கும் திசையைக் குறுக்காக மாற்றிக்கொண்டால், முந்தைய கீறல் எங்கே மிஞ்சியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். மிஞ்சிய கீறலை, மெருகேற்றச் சுழலும் பஃபிங் சக்கரம் மின்னவைத்து எடுத்துக்காட்டிவிடும். கேஸ்கெட் முகத்தில் மட்டும் இந்தத் தாள்கள் படக்கூடாது.

சக்கரத்துக்கு விளிம்பைக் கொடுப்பது

பஃபிங் சக்கரம் கவரைக் கையிலிருந்து கவ்விப் பறித்துவிடும். சக்கரத்தின் அச்சுக்குக் கீழே, அது விளிம்பை விட்டு விலகிச் சுழலுமாறு பிடியுங்கள்.

மெருகேற்றியபின் அப்படியே விடுவது

சாயமற்ற அலுமினியம் பினாங்கின் உப்புக் காற்றில் விரைவில் மங்கி, நாளடைவில் புள்ளிபுள்ளியாக அரிக்கும். மழையில் ஓட்டிய அன்றே நல்ல நீரில் கழுவித் துடைத்து, மெழுகுப் பூச்சு தேயும்போதெல்லாம் புதுப்பித்து வாருங்கள்.