ஐந்து பூண்டுப் பல்லில் மணத்தின் வேதியியல்

உரித்த பூண்டுப் பல்லை மூக்கருகே கொண்டுபோங்கள். பெரிதாக ஒன்றும் தெரியாது. அதையே நசுக்கினால் நெடி மூக்கைத் துளைக்கும். அந்த நெடி உள்ளே அடைபட்டுக் கிடந்ததாகத்தான் தோன்றும். உண்மையில், நசுக்கிய பிறகுதான் அது உருவானது. உணவு வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

தேவையானவை: ஒரே பூண்டிலிருந்து ஐந்து பல், மூடியுள்ள கிண்ணங்கள், கொதிநீர், எலுமிச்சைச் சாறு.

படி 1. ஒரு பல்லை நசுக்கி உடனே முகருங்கள். பூண்டின் செல்லுக்குள் மணமே இல்லாத அல்லின் என்ற கந்தகச் சேர்மம் ஒரு பக்கமும், அல்லினேஸ் என்ற நொதி வேறொரு பக்கமும் பிரிந்து இருக்கின்றன. நசுக்கும்போது தடுப்பு உடைந்து இரண்டும் கலக்கின்றன. காரமான நெடியுள்ள அல்லிசின் பிறக்கிறது. 1944-இல் வேதியியலாளர்கள் செஸ்டர் கவாலிட்டோவும் ஜான் பெய்லியும் பிரித்தெடுத்த சேர்மம் இதுதான்.

படி 2. இரண்டாவது பல்லை முழுதாக ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, அப்புறம் நசுக்குங்கள். நெடி வராது. சூட்டில் நொதி செயலிழந்துவிட்டதால், அல்லின் இருந்தும் அதை மாற்ற ஆளில்லை.

படி 3. மூன்றாவதை முதலில் நசுக்கி, பத்து நிமிடம் மூடி வைத்து, பிறகு ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். இந்தப் படியை மட்டும் அவசரமாகச் செய்ய வேண்டாம். இப்போது இரண்டாவது கிண்ணத்தையும் இதையும் மாறி மாறி முகருங்கள். பூண்டு, தண்ணீர், கொதித்த நேரம் எல்லாம் ஒன்றே, வரிசைதான் வேறு. ஆனாலும் இதில் பூண்டு வாசம் தெளிவாக இருக்கும். நொதி சாவதற்கு முன்பே அல்லிசின் உருவாகிவிட்டது. சூட்டில் அது சிதைந்து, டைஅல்லைல் டைசல்ஃபைடு போன்ற, சமைத்த பூண்டு வாசமுள்ள சேர்மங்களாக மாறியது. பூண்டை நசுக்கிக் கொஞ்ச நேரம் விட்டு அடுப்பில் போடச் சொல்வதன் காரணம் இங்கே இருக்கிறது.

முகர முகர மூக்கு மரத்துப்போகும். நடுவில் இரண்டு நிமிடம் விலகி நில்லுங்கள்.

படி 4. நான்காவதை எலுமிச்சைச் சாற்றில் மூழ்கவைத்து, சாற்றுக்குள்ளேயே நசுக்குங்கள். கடும் புளிப்பில் நொதியால் வேலை செய்ய முடியாது. நெடி நன்றாகக் குறையும். நசுக்கிய பிறகு சாறு ஊற்றிப் பயனில்லை.

படி 5. ஐந்தாவதை நசுக்கி மூடி, மறுநாள் முகருங்கள். அல்லிசின் சூடில்லாமலும் தானாகச் சிதையும். காரம் தணிந்து, கனத்த வாசம் வரும். முகர்ந்ததும் எறிந்துவிடுங்கள்.

சரி, இதே கண்ணோடு ஒயினைப் பாருங்கள். திராட்சையில் லினலூல், ஜெரானியோல் போன்ற மணச் சேர்மங்களின் பெரும்பகுதி சர்க்கரையோடு பிணைந்து, அல்லினைப் போலவே மணமற்றுக் கிடக்கிறது. நொதிகளும் ஒயினின் அமிலமும் அந்தப் பிணைப்பை மெல்ல அறுக்கும்போது பூ வாசம் வெளிப்படுகிறது. இளம் ஒயினின் வாழைப்பழ வாசம் எதிர்த் திசையில் போகிறது: ஈஸ்ட் உருவாக்கிய ஐசோஅமைல் அசிடேட், மாதக்கணக்கில் நீரோடு வினைபுரிந்து ஆல்கஹாலாகவும் அசிட்டிக் அமிலமாகவும் பிரிகிறது. வெப்பமான இடத்தில் வைத்தால் இன்னும் வேகமாக.

திறந்த புட்டி கையில் இருந்தால் தினமும் ஒருமுறை முகர்ந்து குறித்து வையுங்கள். சில நாட்களில் அடிபட்ட ஆப்பிள் வாசம் எட்டிப்பார்க்கும். காற்றுப் பட்டு, ஒயினின் ஆல்கஹாலான எத்தனால், அந்த வாசமுள்ள அசிட்டால்டிஹைடாக மாறத் தொடங்கியிருக்கிறது.