அப்பாவின் வாய்ப்புண்ணும் பல் செட்டும்

அப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய். இரண்டாவது கீமோ முடிந்து தண்டையார்பேட்டை வீட்டுக்கு வந்த வாரம், மோர் சாதம்கூட எரிகிறது என்று தட்டைத் தள்ளினார்.

கீமோ புண்தானே என்று மணத்தக்காளிக் கீரை, பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை கொடுத்தோம். பலனில்லை. மெடிக்கலில் வாங்கிய மவுத்வாஷில் ஆல்கஹால் இருந்திருக்கிறது. எரிச்சல் இன்னும் கூடியது. அப்புறம் டாக்டர் பூஞ்சைத் தொற்று என்று க்ளோட்ரிமசோல் மவுத் பெயிண்ட் எழுதிக் கொடுத்தார். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் காத்திருக்காமல் உடனே வரச் சொன்னார்; நல்லவேளை, தொடவில்லை. புண் கொஞ்சம் குறையும், மறுபடி வரும். ஒன்பது நாள் இப்படியே போனது.

பத்தாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தேன். மேலண்ணம் செக்கச்செவேல் என்று இருந்தது. பல் செட்டின் விளிம்பு எங்கே முடிகிறதோ, அங்கே கோடு போட்டாற்போல் சிவப்பும் முடிந்தது. செட்டைக் கழற்றாமலேயே மருந்து தடவியிருக்கிறோம்! இரவிலும் அதோடுதான் தூங்கியிருக்கிறார்.

டாக்டரிடம் சொன்னதும், வாய்க்கு மட்டும் மருந்து போதாது, செட்டிலும் பூஞ்சை ஒட்டியிருக்கும் என்றார். அன்றிலிருந்து சாப்பாட்டு நேரம் தவிர செட் வெளியேதான். தனி பிரஷ்ஷில் தேய்த்து, இரவு முழுக்க குளோர்ஹெக்சிடின் கரைசலில் ஊறவைத்தோம். மருந்தை வெறும் அண்ணத்தில் தடவினோம். 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பு, ஆப்ப சோடா தலா 1 டீஸ்பூன் கலந்து அடிக்கடி கொப்பளித்தார்.

ஆறாம் நாள் இரண்டு இட்லி சாப்பிட்டார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.