விட்டுப்போன வேத வாசிப்பைக் கிருபையைச் சார்ந்து திரும்பத் தொடங்குவது எப்படி

புத்தாண்டு ஆராதனையில் வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை வாங்கிக்கொண்டு, "இந்த வருஷம் வேதாகமத்தை முழுசாக வாசித்துவிடுவேன்" என்று தீர்மானம் எடுக்கும் பலர் நின்றுபோகிற இடம் அதன் மூன்றாம் புத்தகமான லேவியராகமம். வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். ஒரு வருஷத்தில் முடிக்க நாளுக்கு மூன்று, சில நாள் நான்கு. ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40 என்று ஓடி ஜனவரி கடைசியில் பலிகளின் பிரமாணத்துக்குள் நுழையும்போது வேகம் குறையும். ஒருநாள் விடும், பிறகு ஒரு வாரம் விடும். 20 நாள் விட்டால் பாக்கி 65 அதிகாரம்.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. அந்த 65-ஐயும் சேர்த்து அடைத்துவிட்டுத்தான் ஆண்டவர் முன் முழங்கால்படியிட வேண்டும் என்று நினைக்கிறோம். அடைக்க முடிவதில்லை. வெட்கத்தில் ஜெபமும் நின்றுவிடுகிறது. இரட்சிப்பைக் கிருபையால், அதாவது தகுதி பார்க்காத தேவ தயவால், இலவசமாகப் பெற்றவர்கள் வளர்ச்சியை மட்டும் தவணை கட்டி வாங்கப் பார்க்கிறோம். கலாத்தியரிடம் பவுல் கேட்டதும் இதைத்தான்: ஆவியினாலே ஆரம்பித்துவிட்டு மாம்சத்தினாலே (சொந்த பலத்தினாலே) முடிக்கப் போகிறீர்களா? (கலா. 3:3)

ஆகவே முதல் வேலை, பாக்கியைத் தள்ளுபடி செய்வது. அட்டவணையில் விட்ட நாட்களின்மேல் கோடு போட்டுவிட்டு இன்றைய தேதியில் தொடங்குங்கள். பிறகு ஒருநாள் லேவியராகமத்துக்குத் திரும்பி வரலாம். இப்போதைக்கு மாற்கு சுவிசேஷம் நல்லது. 16 அதிகாரம், நாளுக்கு ஒன்று. வாய்விட்டு வாசித்தாலும் பெரும்பாலான அதிகாரங்களுக்குப் பத்து நிமிஷம் போதும். 14-ஆம் அதிகாரத்தில் மட்டும் 72 வசனம். அதை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

வாசிக்கும் முன் ஒரே வரி ஜெபம் போதும்: "தேவனே, உமது கிருபையின்படி எனக்கு இரங்கும்" (சங். 51:1). "இத்தனை நாள் வரவில்லை, மன்னியும்" என்று நீட்டி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் நேரமெல்லாம் நம்மைப் பற்றிய பேச்சிலேயே போய்விடும். பாவம் இருந்தால் அதன் பெயரைச் சொல்லி அறிக்கையிடுங்கள். பொதுவாக "பாவி" என்று சொல்வது சுலபம், "நேற்று அம்மாவிடம் பொய் சொன்னேன்" என்று சொல்வதுதான் கடினம். உதவியையும் அப்படியே குறிப்பாகக் கேளுங்கள்: "இன்று மேலாளர் கத்தும்போது எனக்கு நாவடக்கம் தாரும்." கிருபை மன்னிப்பதோடு நிற்பதில்லை, தெளிந்த புத்தியோடு வாழவும் நமக்குப் போதிக்கிறது (தீத்து 2:11, 12).

மாற்கு முடிந்த மறுநாள் யோவான் 21-ஐ மெதுவாக வாசியுங்கள். இயேசுவை அறியேன் என்று பேதுரு மறுதலித்த இரவில் பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் எரிந்தது கரிநெருப்பு (யோவா. 18:18). உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில் மூட்டியிருந்ததும் கரிநெருப்பு; அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். அந்தப் புகையின் வாசனை பேதுருவுக்கு எதை நினைவுபடுத்தியிருக்கும்! ஆனாலும் ஆண்டவர் பேதுருவிடம் முதலில் கேள்வி கேட்கவில்லை, சாப்பிடக் கூப்பிட்டார். "என்னை நேசிக்கிறாயா" என்று மூன்று தரம் கேட்டது போஜனத்துக்குப் பிறகு. ஆடுகளை மேய்க்கும் வேலையை ஒப்படைத்ததும் அப்போதுதான். வரிசை முக்கியம். ஊட்டுவது முன்னே, வேலை பின்னே.

"அப்படியானால் முயற்சியே வேண்டாமா" என்றால், வேண்டும். பவுல் எல்லாரிலும் அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன் என்கிறார், உடனே, நானல்ல, என்னுடனே இருக்கிற தேவகிருபையே என்கிறார் (1 கொரி. 15:10). அலாரம் வைப்பதும், செல்போனை அடுத்த அறையில் வைப்பதும் நம் வேலை. அதனால் ஆண்டவர் நமக்குக் கடன்பட்டார் என்று நினைக்கும்போதுதான் கெட்டுப்போகிறது. உபவாசத்தில் இது எளிதில் நடக்கும்: மூன்று நாள் சாப்பிடவில்லை, பதில் வரவில்லை, கோபம் வருகிறது. கோபம் வந்தால் உபவாசம் பேரமாகிவிட்டது என்று அறியுங்கள். (சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் உபவாசம் இருக்கக் கூடாது.) மறுபக்கம், "கிருபைதான் இருக்கிறதே" என்று அதே பாவத்துக்குத் திட்டம்போட்டுத் திரும்புவதற்கு ரோமர் 6:1, 2 பதில் சொல்லிவிட்டது: பாவத்துக்கு மரித்த நாம் இனி அதிலே எப்படிப் பிழைப்போம்?

வளர்ச்சியைத் தினமும் தோண்டிப் பார்க்காதீர்கள். முன்பு முளை, பின்பு கதிர், அதன்பின்தான் நிறைந்த தானியம் (மாற். 4:28). பார்த்தே ஆக வேண்டுமானால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒன்றை மட்டும் பாருங்கள்: விழுந்த பின் ஆண்டவரிடம் திரும்ப முன்பு எத்தனை நாள் ஆனது, இப்போது எத்தனை நாள்?

கடைசியாக, திருவிருந்து, அதாவது சபையில் அப்பமும் திராட்சரசமும் பகிரும் பந்தி. "இந்த மாதம் நான் பாத்திரவான் அல்ல" என்று பந்திக்குப் போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுகிறவர்கள் உண்டு. 1 கொரிந்தியர் 11:28 தன்னைச் சோதித்தறிந்து புசிக்கச் சொல்கிறதே தவிர, சோதித்துவிட்டு விலகி இருக்கச் சொல்லவில்லை. யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் ஞாயிறு காலை வரை வைத்திருக்காமல் சனிக்கிழமை சாயங்காலமே போய்ப் பேசிவிடுங்கள். தூரமானால் போன் செய்யுங்கள். அவர் எடுக்காவிட்டாலும் நீங்கள் பந்திக்குப் போங்கள், வாரத்தில் மறுபடி அழையுங்கள்.